அத்தானின் பொதுப் பட்டறை

அத்தான் கையை நீட்டினால், கையில் இருப்பதைக் கொடுத்துவிட வேண்டும். அந்தப் பட்டறையின் சட்டம் அவ்வளவுதான். அதை யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை, எழுதி மாட்டியதுமில்லை. அத்தானிடமே போய், இப்படி ஒரு சட்டம் வைத்திருக்கிறீர்களாமே என்று கேட்டிருந்தால் அவர் மனம் நொந்துபோயிருப்பார். அவரைப் பொறுத்தவரை அங்கே சட்டம் என்று எதுவும் கிடையாது. கதவுக்குப் பூட்டுக்கூடக் கிடையாது.

"இது பொதுப் பட்டறைங்க. யாரு வேணா வரலாம், எதை வேணா எடுக்கலாம். எடுத்த இடத்துல திரும்ப வெச்சாப் போதும்" என்று தெருவுக்குப் புதிதாகக் குடிவருகிற ஒவ்வொருவரிடமும் அவர் சொல்வார். அப்போது அவர் முகத்தில் மலர்கிற பெருமிதத்தில் கலப்படம் துளியும் இருக்காது.

உண்மையில் அவர் சின்னவளுக்கு மட்டும்தான் அத்தான். அவளுடைய அக்காவின் கணவர். அவள் மாடியிலிருந்து அத்தான், அத்தான் என்று கூப்பிடுவதைக் கேட்டுக் கேட்டுத் தெருவே அவரை அப்படிக் குறிப்பிடத் தொடங்கிவிட்டது. முகத்துக்கு நேரே சார் என்பவர்கள்கூட முதுகுக்குப் பின்னால் அத்தான் என்றார்கள். இதில் அக்காவுக்குக் கொஞ்சம் மனத்தாங்கல். "தெருவுல இருக்கிற அத்தனை பேருக்கும் நான் அக்காவாயிட்டேன். பல் டாக்டருக்கு என்னைவிட எட்டு வயசாவது கூட இருக்கும்" என்பாள்.

பட்டறை என்பது வீட்டின் பின்புறம், கார் நிறுத்துவதற்கென்று கட்டி, கார் வாங்காமலே விட்டுப்போன தகரக் கூரைக் கொட்டகை. வாரம் முழுக்க லிப்ட் மெக்கானிக்காக அடுக்குமாடிக் கட்டடங்களின் உச்சியிலும் பள்ளத்திலும் கிரீஸோடு புரள்கிற அத்தான், ஞாயிற்றுக்கிழமைகளில் இங்கே மர வேலைக்காரர் ஆகிவிடுவார். ஒரு சுவர் முழுக்கப் பலகை அடித்து, அதில் ரம்பங்களும் உளிகளும் இழைப்புளிகளும் சுத்தியல்களும் வரிசையாகத் தொங்கும். ஒவ்வொன்றின் பின்னாலும் அதனதன் உருவம் வெள்ளைப் பெயின்ட்டில் வரையப்பட்டிருக்கும். எதையாவது எடுத்தால், எடுத்ததன் வெள்ளை நிழல் மட்டும் சுவரில் நின்றுகொண்டு, எங்கே போனாய் என்று கேட்பதுபோல இருக்கும்.

எடுப்பதில் சிக்கல் இல்லை. எடுத்தபின் நடப்பதுதான் விஷயம். வந்தவர் பலகையை வைஸ் என்கிற இரும்புப் பிடிப்பானில் இறுக்கிப் பூட்டி வேலையைத் தொடங்குவார். மூலையில் தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருக்கும் அத்தான் நிமிர்ந்துகூடப் பார்க்க மாட்டார், காதுதான் பார்க்கும். ரம்பத்தின் சத்தம் சற்றே பிசகினால் ஓர் இருமல். இரண்டாவது தடவை பிசகினால் எழுந்து, கந்தல் துணியில் கையைத் துடைத்துக்கொள்வார். பிறகு மெல்ல நடந்து வந்து, வேலை செய்பவரின் தோளுக்குப் பின்னால் மூச்சுப் படும் தூரத்தில் நிற்பார். "நல்லாத்தான் பண்றீங்க" என்பார். அந்தத் தெருவில் அதைவிட அஞ்சத்தக்க பாராட்டு வேறில்லை. அதற்கு அடுத்தபடியாக உள்ளங்கை மேல்நோக்கி விரிய ஒரு கை நீளும். "இப்படிக் குடுங்க. ஒரே நிமிஷம்."

அந்த ஒரு நிமிஷம் சாப்பாட்டு நேரம் வரை நீளும்.

விளைவாக, தெருவிலுள்ள பாதி வீடுகளில் சொந்தக் கையால் செய்யப்பட்டதாக நம்பப்படும் மரச்சாமான்கள் ஒரே கைவண்ணத்தில் இருந்தன. பல் டாக்டர் வீட்டுச் செருப்பு அலமாரிக்கும் கணக்கு டீச்சர் வீட்டுப் புத்தக அடுக்குக்கும் ஒரே மாதிரி விளிம்பு. குழந்தையின் கன்னம்போல மழமழவென்று உருட்டப்பட்ட விளிம்பு. வீட்டுக்கு வருகிறவர்கள், நீங்களே செய்ததா என்று வியந்தால், "ஆமா, நம்ம பட்டறையில செஞ்சதுதான்" என்று டாக்டர் சொல்வார். யார் செய்தது என்பதைப் பத்திரமாக விட்டுவிடுவார். யாருக்கும் இதில் குறை இல்லை. செய்ய வந்ததைவிட நன்றாகச் செய்து தரப்பட்ட பிறகு, என்னைச் செய்ய விடவில்லையே என்று முறையிடுவதற்கு எந்த மனிதனுக்கு நாக்கு வரும்?

"பாவம் டாக்டர்" என்று அக்கா ஒருமுறை தேநீர்த் தட்டோடு வந்து நின்று சொன்னாள். "ஊர்ல இருக்கிற பல்லுலயெல்லாம் துளை போடுறாரு. ஒரு பலகையில துளை போட இவரு விட மாட்டேங்கிறாரு."

"பல்லு வலிச்சா பேஷன்ட் கத்துவாருங்க, நான் நிறுத்திடுவேன்" என்றார் டாக்டர் அடக்கத்தோடு. "பலகைக்கு வலிக்குதா இல்லையான்னு சாருக்குத்தானே தெரியுது."

சின்னவளும் இந்தச் சட்டத்துக்குப் பல காலம் மறுபேச்சின்றிக் கட்டுப்பட்டவள்தான். அவள் தையல்காரி. மாடியில் அவளுடைய தையல் அறை. தையல் இயந்திரத்துக்கு எதிரே, அறையின் பெரும்பகுதியை அடைத்துக்கொண்டு ஒரு வெட்டு மேசை நின்றது. அதைச் சென்ற மழைக்காலத்தில் அவளே செய்தாள்; அதாவது, பலகையைத் தேர்ந்தெடுத்தாள், முதல் இழுப்பு இழுத்தாள், இருமலைக் கேட்டாள், ரம்பத்தைக் கொடுத்தாள். மேசை என்னவோ கண்ணில் ஒற்றிக்கொள்ளும்படி இருந்தது. இரண்டு பக்கமும் இழுப்பறைகள், நூல்கண்டு செருக முளைகள், ஊசிப் பெட்டிக்கென்று ஒரு குழி, விளிம்பெல்லாம் கன்னம். ஒரே ஒரு குறை. அத்தான் நெட்டை, சின்னவள் குட்டை. மேசையின் உயரத்தை அவர் தம் இடுப்பில் வைத்து அளந்திருந்தார்.

அதன் முன் நின்றால் அவள் கடைக்கு மிட்டாய் வாங்க வந்த குழந்தைபோல இருப்பாள். தயங்கித் தயங்கிச் சொன்னபோது அத்தான் ஆழ்ந்து யோசித்தார். அடுத்த ஞாயிற்றுக்கிழமையே அவள் ஏறி நிற்பதற்கு ஒரு பலகை செய்து கொண்டுவந்தார். அதற்கும் உருட்டிய விளிம்பு. வழுக்காமலிருக்க அடியில் ரப்பர். மேசையின் மறுபக்கம் போக வேண்டுமானால் என்ன செய்வது என்று கேட்டதற்கு, மறுபக்கத்துக்கும் ஒன்று வந்து சேர்ந்தது. "ஏத்தி இறக்கறதுதானேம்மா என் தொழிலே" என்று சிரித்துக்கொண்டார்.

ரவிக்கைக்கும் சட்டைக்கும் அந்தப் பலகை வாழ்க்கை போதுமாக இருந்தது. ஒரே இடத்தில் நின்று வெட்டிவிடலாம். ஆனால் இப்போது ஒரு நாடகக் குழு அவளிடம் மேடைத் திரை தைக்கக் கொடுத்திருந்தது. கருஞ்சிவப்பு வெல்வெட், மூட்டை மூட்டையாக. அவள் தொழிலில் இதுவரை கண்டிராத பெரிய வேலை. இது சரியாக அமைந்தால் குழுவின் உடுப்புகள் எல்லாம் இனி அவளிடம்தான் என்று சொல்லியிருந்தார்கள். வெல்வெட்டை நின்று நின்று வெட்ட முடியாது. கத்தரி நுழைந்தால் ஒரே சீராக, மேசையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை நடந்துகொண்டே வெட்ட வேண்டும். பலகையோ பாதி தூரத்தில் முடிந்துவிடும். இறங்கினால் கை ஏறும்; ஏறினால் வெட்டு கோணும். எட்டி எட்டி வெட்டியதில் வலது தோள் ஒருநாள் பூட்டிக்கொண்டது. வைத்தியம் பார்த்த பெண் அந்தக் கையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "இன்னும் கொஞ்ச நாள் இப்படியே வேலை பண்ணீங்கன்னா தலைவாரக்கூட கை தூக்க முடியாது. வெட்டற வேலையை வேற யார்கிட்டயாவது குடுத்துடுங்களேன்" என்றாள்.

வேறு யாரிடமாவது. சின்னவளுக்கு அந்த வார்த்தை தோளைவிட அதிகமாக வலித்தது.

அந்த வாரமே நாடகக் கொட்டகைக்கு அளவு சரிபார்க்கப் போனபோது, அங்கே உடுப்புப் பெட்டி ஒன்றின்மேல் துணியை விரித்து ஓர் ஓரத்தை வெட்டினாள். வெட்டி முடித்த பிறகுதான் தோள் வலியென்று வாயைத் திறக்கவில்லை என்பது உறைத்தது. கழுத்திலிருந்த டேப்பை எடுத்துப் பெட்டியின் உயரத்தை அளந்தாள். தன் முழங்கையிலிருந்து அது எவ்வளவு கீழே இருக்கிறது என்பதையும் அளந்தாள். வீடு திரும்பியதும் நேராகப் பட்டறைக்குப் போனாள்.

"அத்தான், மேசை உயரத்தைக் குறைக்கணும்."

"எந்த மேசை?"

"என் மேசை."

"ஓ, நம்ம மேசையா?" அத்தான் இழைப்புளியின் அலகைக் கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்த்தார். "அது சரியான உயரம்மா. வேலை மேசைன்னா எங்க போனாலும் அதான் உயரம்."

"அப்ப நான்தான் தப்பான உயரமா?"

"அப்படிச் சொல்வேனா நான்? உங்கக்கா காதுல விழுந்தா என்ன ஆகும்?"

"விழுந்தாச்சு" என்று சமையலறை ஜன்னலிலிருந்து குரல் வந்தது.

அத்தான் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "தோள் வலின்னு உங்கக்கா சொன்னா. நானும் அதைத்தான் யோசிச்சிட்டிருந்தேன். பலகையை மேசை நீளத்துக்குப் போட்டுடுவோம். சுத்தி வர, நாலு பக்கமும். விழாம இருக்கக் கைப்பிடி ஒண்ணு."

"கைப்பிடியோட ஒரு கதவையும் வெச்சுப் பொத்தானையும் பொருத்திட்டீங்கன்னா லிப்டே ஆயிடும்."

"கிண்டல் பண்ணாதே. நல்ல யோசனைதான் அது."

"காலைக் குறைச்சா வேலை முடிஞ்சுது அத்தான். நீங்க ஒண்ணும் பண்ண வேண்டாம், நானே வெட்டிக்கிறேன். ரம்பம் மட்டும் குடுங்க."

"குடுங்கன்னு என்கிட்ட கேக்கணுமா? பொதுப் பட்டறை. எது வேணுமோ எடுத்துக்கோ." பெருந்தன்மையாகச் சுவரைக் காட்டினார். பிறகு மனசு கேட்காமல், "ஒண்ணு கேக்கறேன், பதில் சொல்லு. உன் கத்தரிக்கோலை எனக்குத் தருவியா?" என்றார்.

"மாட்டேன்."

"ஏனாம்?"

"நீங்க உப்புத்தாள் வெட்டுவீங்க. முனை போயிடும். அக்கா ஒரு தடவை காலண்டர் வெட்டினதுக்கே நான் ரெண்டு நாள் அவகிட்டப் பேசல."

"அப்படி வா வழிக்கு. உனக்கு உன் கத்தரி மாதிரிதானே எனக்கு என் ரம்பமும்?"

"அதுல ஒண்ணும் தப்பே இல்ல. ஆனா என் ரூமு பொது ரூமுன்னு நான் யார்கிட்டயும் சொல்லலையே அத்தான்."

அத்தான் எண்ணெய்க் குப்பியை எடுத்து, ஏற்கெனவே எண்ணெய் மினுமினுத்துக்கொண்டிருந்த வைஸின் திருகுக்கு இன்னும் கொஞ்சம் எண்ணெய் விட்டார்.

மாலையில் அக்கா மாடி ஏறி வந்தாள். துணிக்குவியலை ஒதுக்கிவிட்டு உட்கார்ந்து, தங்கையின் தோளுக்குத் தைலம் தேய்த்தபடி பேச்சை எடுத்தாள்.

"வெட்டத்தான் போறியா?"

"வேற வழி சொல்லு."

"வழியெல்லாம் எனக்கு எங்க தெரியும்? அந்த மேசைக் காலை வெட்டினா அவரு காலை வெட்டின மாதிரி துடிச்சுப் போயிடுவாருன்னு மட்டும் தெரியும்." அவள் தேய்ப்பதை நிறுத்தினாள். "சிரிக்காதடி, நிஜமாத்தான் சொல்றேன். லிப்ட் ஓடற வரைக்கும் இவருன்னு ஒரு ஆளு இருக்கறதே எவனுக்கும் தெரியாது. நின்னுச்சுன்னா தேடுவாங்க, அதுவும் திட்டறதுக்கு. ஞாயித்துக்கிழமை இங்க நாலு பேரு சுத்தி நின்னு 'ஆகா'ங்கறாங்க பாரு, அந்த ஒரு 'ஆகா'வுலதான் மனுஷன் வாரம் பூரா வண்டி ஓட்டறாரு."

"எனக்குத் தெரியாதா?"

"தெரிஞ்சா ஒண்ணு பண்ணு. அவரு வேலைக்குப் போயிருக்கறப்ப ரம்பத்தை மாடிக்குத் தூக்கிட்டு வந்து, காதும் காதும் வெச்ச மாதிரி வெட்டி முடிச்சிடு."

சின்னவள் இதையும் யோசிக்காமல் இல்லை. ஆனால் பல் டாக்டரின் கதை அவளுக்கு நினைவிருந்தது. ஒரு புதன்கிழமை அவர் கிளினிக்குக்கு விடுமுறை விட்டுவிட்டு வந்து, ஆளில்லாத பட்டறையில் ஒரு படச்சட்டம் செய்தார். முழுக்க முழுக்கத் தம் கையாலேயே செய்து, பசை காய்வதற்காக வைஸில் மாட்டிவிட்டு, சீட்டியடித்துக்கொண்டு போனார். மறுநாள் வந்து பார்த்தபோது வைஸில் வேறொரு சட்டம் இருந்தது. மூலைகள் மயிரிழை இடைவெளியின்றிப் பொருந்தியிருந்தன. "சும்மா ஒரு கை பார்த்தேன் டாக்டர், கொஞ்சம் கோணலா இருந்துச்சு" என்றார் அத்தான். டாக்டர் நன்றி சொல்லிவிட்டு வாங்கிக்கொண்டு போனார்.

"திருட்டுத்தனமா வெட்டினா என்ன நடக்கும்னு நினைக்கிறே?" என்றாள் சின்னவள். "நான் நாடகக் கொட்டகைக்குப் போற நேரமாப் பார்த்து, அதே மரத்துல நாலு துண்டு போட்டு, ஒட்டே தெரியாம காலை நீட்டி வெச்சிடுவாரு. திரும்பி வந்து மேசை முன்னாடி நின்னா, நான்தான் குட்டையாயிட்டேன் போலன்னு நினைச்சுக்குவேன்."

அக்கா மறுக்கவில்லை. தன் கணவரின் திறமையில் அவளுக்கு அவ்வளவு நம்பிக்கை இருந்தது. "அப்ப அவரு முன்னாடியே வெட்டணும்ங்கிறே" என்றாள்.

"அவரு முன்னாடியே வெட்டி, முடிக்கவும் முடிக்கணும்."

"முதல்ல சொன்னது நடக்கும். ரெண்டாவது இதுவரைக்கும் யாருக்கும் நடந்ததில்ல" என்று சொல்லிவிட்டு அக்கா மறுபடியும் தைலத்தைத் தொட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மேசை மாடியிலிருந்து இறங்கியது. அக்கா ஒரு முனை, பல் டாக்டர் ஒரு முனை, படிக்கட்டின் திருப்பத்தில் டாக்டர் நசுங்கிப்போய், "கொஞ்சம் வாயைத் திறங்க... ச்சே, வழியைத் திறங்க" என்று உளறினார். ஊர்வலத்தின் பின்னால், யாரும் கேட்காமலே கோணங்களைச் சொல்லிக்கொண்டு கணக்கு டீச்சர் வந்தார். அவர் ஒரு முக்காலிக்குக் கால் ஒட்ட வந்தவர். முக்காலியை இன்னும் பையைவிட்டு வெளியே எடுக்கவே இல்லை. பட்டறையின் நடுவில் மேசையைத் தலைகீழாகக் கவிழ்த்துப் பழைய போர்வை ஒன்றின்மேல் கிடத்தினார்கள். நான்கு கால்களும் கூரையைப் பார்த்துக்கொண்டு நின்றன.

அத்தான் மூலையில் உட்கார்ந்து உளி தீட்டிக்கொண்டிருந்தார். "வாங்க, வாங்க" என்றார். "தாராளமா பண்ணும்மா. நான் இந்தப் பக்கமே திரும்பல."

சின்னவள் தன் முறைப்படி வேலையைத் தொடங்கினாள். பழுப்புத் தாளில் முன்கூட்டியே வெட்டி வைத்திருந்த வடிவத்தைக் காலில் சுற்றினாள். குண்டூசி குத்தப் போன கையைக் கடைசி நொடியில் அடக்கிக்கொண்டாள். தையல் சாக்பீஸால் காலைச் சுற்றி ஒரு கோடு போட்டாள். பிறகு, இத்தனை வருஷப் பழக்கத்தில் கை தானாகவே ஓட, அதற்கு வெளியே ஒரு விரற்கடை விட்டு இன்னொரு கோடும் போட்டாள். நான்கு காலுக்கும் இப்படியே. பின்னர் சுவரிலிருந்து ரம்பத்தை எடுத்தாள். வெள்ளை நிழல் சுவரில் தனித்து நின்றது.

முதல் இழுப்பில் ரம்பம் துள்ளியது. இரண்டாவதில் தேக்கில் ஒரு கீறல் விழுந்தது. மூன்றாவதில் கவ்விக்கொண்டது. மேசையின் அடிப்பலகையில் முழங்காலை ஊன்றி, கை தோளுக்குக் கீழேயே இருக்கும்படி உடம்பை வளைத்துக்கொண்டு இழுத்தாள். மரம் சிணுங்கியது. மூலையிலிருந்து ஓர் இருமல் வந்தது.

"தண்ணி வேணுமாங்க?" என்றாள் அக்கா.

"வேணாம், வேணாம். தொண்டைதான்."

சின்னவள் நிமிரவில்லை. மரத்தூள் அவள் மணிக்கட்டில் மாவாகப் படிந்தது. வெட்டு நேராகத்தான் போகிறது என்பது அவளுக்கே வியப்பாக இருந்தது. வெல்வெட்டைவிட இது பரவாயில்லை, நழுவிப்போவதில்லை. துண்டு போர்வையில் தொப்பென்று விழுந்ததும் டாக்டர் கைதட்டிவிட்டார். பிறகு மூலையை ஒருமுறை பார்த்துக்கொண்டு, தட்டிய கைகளை ஒன்றோடொன்று தேய்த்துக் குளிருக்குச் செய்ததுபோல ஆக்கிக்கொண்டார்.

சின்னவள் டேப்பை வைத்து அளந்தாள். முகம் சுருங்கியது. மறுபடி அளந்தாள்.

"என்னம்மா?" என்று கணக்கு டீச்சர் குனிந்தார்.

"இன்னும் நீளமா இருக்கு டீச்சர்."

"ரெண்டு கோடு போட்டிருக்கியே, எந்தக் கோட்டுல வெட்டினே?"

"வெளிக் கோட்டுலதான்."

"அப்ப உள் கோடு?"

"அது அளவு. வெளிக் கோடு தையலுக்கு விடற..."

சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவளுக்குப் புரிந்துவிட்டது. பட்டறையில் தகரக் கூரை அதிரச் சிரிப்பு.

"மடிச்சு அடிக்கப் போறியாடி?" அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். "நூல் என்ன கலரு?"

"இருக்கட்டும், இருக்கட்டும்" என்றார் டீச்சர் கண்ணைத் துடைத்தபடி. "வளர்ற வயசு மேசை. அடுத்த வருஷம் பிரிச்சு விட்டுக்கலாம்."

"காஜா எடுக்கறதுன்னா சொல்லுங்க" என்றார் டாக்டர். "துளை போடற வேலை எனக்குக் குடுங்க."

சின்னவளும் சிரித்தாள். காது மடல் சுட்டது. மூன்று கால் நெட்டையும் ஒரு கால் சற்றே குட்டையுமாக மேசை அவள் முன் மல்லாந்து கிடந்தது. சிரிக்காதவர் ஒரே ஒருவர்தான். அத்தான் உளியை வைத்துவிட்டு எழுந்து, கந்தல் துணியில் கையைத் துடைத்துக்கொண்டார். அவர் முகத்தில் கேலியில்லை, கருணை இருந்தது. அதுதான் மோசம். மெல்ல நடந்து வந்தார். சிரிப்பு ஒவ்வொருவரிடமாக அடங்கியது.

"நல்லாத்தான் பண்ணே" என்றார்.

கை நீண்டது. உள்ளங்கை மேல்நோக்கி விரிந்தது.

"இப்படிக் குடும்மா. ஒரே நிமிஷம்."

நியாயமெல்லாம் அவர் பக்கமே இருந்தது. தப்பு செய்தவள் அவள். எல்லோர் முன்னிலையிலும் கையும் களவுமாகப் பிடிபட்டவள். எத்தனையோ ஞாயிற்றுக்கிழமைகள் பழகிய பழக்கத்தில், அவள் மணிக்கட்டு தானாகத் திரும்பி ரம்பத்தின் பிடியை அவர் பக்கம் நீட்டக்கூடத் தொடங்கிவிட்டது. பாதி வழியில் அவள் அதை நிறுத்தினாள்.

"குடுத்தா எந்தக் கோட்டுல வெட்டுவீங்க அத்தான்?"

அத்தானுக்குப் பொய் சொல்லத் தெரியாது. குனிந்து கோடுகளைப் பார்த்தார். கட்டைவிரலால் வெட்டுவாயைத் தடவினார். "உள் கோடு ரொம்பத் தாழ்வும்மா. மேசை பார்க்க நல்லாவே இருக்காது. இப்ப நீ வெட்டினியே, இந்த அளவுலயே மத்த மூணையும் நிறுத்திடுவோம். விளிம்பையும் லேசா உருட்டிடறேன். மீதி உயரத்துக்கு ஒரு சின்னப் பலகை, மெல்லிசா..."

பலகை என்ற சொல் கேட்டதும் அவள் தோள் ஒருமுறை சுண்டியது.

கை இன்னும் நீண்டபடியே இருந்தது. நீட்டிய கை வெறுமையாக நிற்பதை அந்தப் பட்டறை அதற்குமுன் பார்த்ததில்லை. என்ன செய்வதென்று யாருக்கும் தெரியவில்லை. தாங்க முடியாமல் போனது பல் டாக்டருக்குத்தான். தம் கையில் எதற்கென்றே தெரியாமல் வைத்திருந்த திருப்புளியை, பழக்க தோஷத்தில், அந்த உள்ளங்கையில் மெதுவாக வைத்துவிட்டார்.

அத்தான் திருப்புளியைப் பார்த்தார். டாக்டரைப் பார்த்தார். பிறகு சின்னவளைப் பார்த்தார்.

"குடுக்க மாட்டேன் அத்தான்" என்றாள் சின்னவள்.

குரல் அவள் நினைத்ததைவிடப் பெரிதாக வந்துவிட்டது. டீச்சர் தம் முக்காலிப் பையைப் பிடித்துக்கொண்டார். அக்கா ஒரு மேசைக் காலைப் பிடித்துக்கொண்டாள்.

"என்னது?"

"ரம்பத்தைக் குடுக்க மாட்டேன். தப்பா வெட்டினாலும் நான்தான் வெட்டுவேன். மறுபடி தப்பானா மறுபடி வெட்டுவேன். நிக்கப்போறது நான், தோளும் என்னோடது."

ரம்பத்தின் பிடியைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டு, அவள் மறுபடி முழங்காலை ஊன்றினாள். அவர் நகரவில்லை, திருப்புளியோடு கை அப்படியே நீண்டிருந்தது. ரம்பத்தின் பல்லை உள் கோட்டின்மேல் பதித்துவிட்டு, நிமிராமலே சொன்னாள்:

"கொஞ்சம் ஒதுங்கி நில்லுங்க அத்தான். தூள் கண்ணுல விழும்."

இழுத்தாள்.